குரும்பகரத்து நெற்றிக்காசு

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கரூரில் ஒரு நண்பரின் ஜவுளிக் கிடங்கில் ஆறேழு பேர் கூடுவோம். எல்லாரும் பழங்காசுப் பைத்தியங்கள். வருஷ முடிவில் ஒவ்வொருவரும் அந்த ஆண்டு கைக்கு வந்ததில் மனசுக்குப் பிடித்த காசைக் காட்டி அது கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. "அப்படி என்னத்தய்யா அமுக்கி வச்சிருக்கற, எழுதியாவது குடு" என்று பிடுங்கி எடுத்துவிட்டார்கள். எழுதித் தருகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைத் தேற்ற வர வேண்டாம்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் போர்டு எழுதுகிறவன். ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர், 'படியில் நிற்காதே' எல்லாம் என் கைதான். எழுத்து மேல் இருந்த பைத்தியம் காசு மேல் இருக்கிற எழுத்துக்கு மாறி இருபது வருஷம் ஆகிறது. அமராவதி ஆற்றில் மணல் சலிக்கிறவர்களிடம் ஒன்றிரண்டு வாங்கி ஆரம்பித்தேன். பிறகு ஒரு மாதப் பத்திரிகையில் 'பழங்காசுகள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும்' என்று இரண்டு வரி விளம்பரம் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் குரும்பகரத்திலிருந்து கடிதம் வந்தது.

எழுதியவர் ராமலிங்கம், ஆரம்பப் பள்ளி வாத்தியார். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்தத் தாளையும் அனுப்பியிருந்தார். உட்கார்ந்த புலி, பக்கத்தில் மீன், ஓரத்தில் வில், சுற்றிலும் எழுத்து. சோழன் காசு. செம்பில் இல்லை, வெள்ளி என்று எழுதியிருந்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. 'இது எங்கள் வீட்டில் வழிவழியாக நெற்றிக்காசாக இருப்பது.' செத்தவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு ரூபாயை ஒட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. சுடுகாட்டில் அது வெட்டியானுக்குப் போய்விடும். இவர்கள் வீட்டில் அப்படி இல்லையாம். தலைமுறை தலைமுறையாக ஒரே காசு. சிதையில் முகத்தை மூடுவதற்கு முன்னால் மகன் அதை எடுத்துக்கொண்டு வெட்டியானுக்கு வேறு காசு கொடுத்துவிடுவான். நெற்றிக்காசு வீட்டுக்குத் திரும்பி மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் போகும், அடுத்த ஆள் போகிற வரைக்கும். அம்மா படுக்கையில் இருக்கிறார், வைத்தியத்துக்கு நிலத்தில் பாதி போய்விட்டது, நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று முடித்திருந்தார். அம்மா படுக்கையில் என்கிற வரியை நான் வேகமாகத் தாண்டிப் போனேன். புலி, மீன், வில் என்று தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"வேற ராஜ்ஜியத்துக்குப் போறீங்க, பாஸ்போர்ட்டு வேண்டாங்களா?" என்று என் மனைவி கிண்டல் செய்தாள். அவள் சொன்னதில் பெரிய தப்பு இல்லை. குரும்பகரம் காரைக்கால் பக்கம். தமிழ்நாட்டுக்கு நடுவில் அந்தத் துண்டு நிலம் மட்டும் பாண்டிச்சேரிக்காரர்களுடையது. எல்லையில் பஸ் நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். "உள்ளே போறப்ப ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வெளியே வாறப்பதான் பையத் தொறக்கச் சொல்லுவாங்க" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். பிராந்தி பாட்டிலைப் பற்றிச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஐப்பசி மழை. எங்கள் ஊரில் ஆறு என்றால் மணல். இங்கே வாய்க்காலில்கூடத் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. காரைக்காலில் லாட்ஜ் அறையின் மெத்தை ஈரம், சுவர் ஈரம், கொடுத்த துண்டும் ஈரம். எதிரே தேநீர்க் கடையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் நாயைப் பார்த்து என்னவோ பாஷையில் நீளமாகத் திட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாவாம். "பிரெஞ்சுல திட்டுறாருங்க. நாய்க்குப் புரியுது, எனக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்றார் கடைக்காரர். மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பைப் பற்றி மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் மீன் என்று ஒன்றை ஐஸ் பெட்டியில் மூன்று நாள் வைத்து விற்பார்கள். இங்கே முள்ளைக்கூட விடாமல் சப்பினேன்.

சாப்பிட்ட கையோடு சந்தைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை ஒன்றில் நுழைந்தேன். பழக்கதோஷம். பாய் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஆணி, பூட்டு, பித்தளைக் குமிழ், அதற்குள் ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். பச்சைக் களிம்பு ஒரு பொட்டு உதிரவில்லை. "புளி போட்டுத் தேச்சுத் தரவா, பளபளன்னு ஆயிடும்" என்றார் பாய். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புளி பட்டால் எழுத்து போய்விடும், களிம்பு போய்விடும், காசே போய்விடும். செம்பின் எடை விலைக்குக் கொடுத்தார். இந்த வருஷத்தில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்த காசு அது. அதோடு நான் ஊர் திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை என்பதை யோசிக்காமல் கிளம்பியது என் முட்டாள்தனம். திருநள்ளாற்றுக்குப் போகிற அத்தனை பேரும் அந்த ஒரே பஸ்ஸில் இருந்தார்கள். எண்ணெய் வாசனை, ஈரத் தலை, குழந்தை அழுகை. இறங்கினால் குளக்கரை முழுக்க, தோஷம் போகட்டும் என்று குளித்துவிட்டு உரித்துப் போட்ட வேட்டி, புடவைகள் மழையில் ஊறிக் கிடந்தன. மிதிக்காமல் நடக்க முடியவில்லை. அங்கிருந்து ஏறிய சின்ன பஸ் பாதி வழியில் சேற்றில் சக்கரத்தைப் புதைத்துக்கொண்டது. ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான் எவனோ. அந்தக் கோபத்திலேயே தள்ளினேன். பஸ் அசையவில்லை. மீதி தூரம் நடை.

ராமலிங்கம் வாசலிலேயே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, பேசும்போது பாதியில் நிறுத்தி உள்ளே பார்ப்பார். "அம்மாக்கிட்ட உங்கள, கூடப் படிச்சவருன்னு சொல்லியிருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அவர் மனைவி கமலா தேநீர் கொண்டுவந்து வைத்தார். இடுப்பில் சாவிக்கொத்து. "மழையில நனைஞ்சு வந்திருக்கீங்களே, தலையைத் துவட்டிக்குங்க" என்று காய்ந்த துண்டு ஒன்று கொடுத்தார். காரைக்காலுக்கு வந்து இரண்டு நாளில் நான் தொட்ட முதல் காய்ந்த துணி அதுதான்.

உள் அறையில் கட்டிலில் அம்மா. உடம்பு என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கண்ணிலும் பார்வை போய்விட்டது. "எந்த ஊரு தம்பி?" என்றார். "கரூருங்கம்மா" என்றேன். "பேச்சு வேற மாதிரி இருக்கே" என்று சிரித்தார். பிறகு மகன் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார். "ராமலிங்கம், காச எடுத்துக் குடு. காலையிலேருந்து பாக்கல."

தினமும் இது நடக்கிறதாம். ராமலிங்கம் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். கமலா சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் இத்தனை ஊர் சுற்றி, மழையில் நனைந்து பார்க்க வந்த காசு ஒரு கிழவியின் உள்ளங்கையில் இருந்தது. அவர் கட்டை விரலால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"இவங்க அப்பா நெத்தியில வச்சது தம்பி. அதுக்கு முன்னாடி எனக்குப் பொறந்து தங்காத ரெண்டு புள்ளைங்களுக்கு வச்சது. இத்தனூண்டு நெத்தி, காசு பெருசா இருந்துச்சு. இனிமே எனக்கு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம். டாக்டர் வேணாம், ஊசி வேணாம்னு சொல்லிட்டேன், இவன் கேக்க மாட்டேங்குறான்."

"அத கமலாவத் தொடக்கூட விட மாட்டாங்க" என்று ராமலிங்கம் என்னிடம் சொன்னார். "வந்த பொண்ணு தொடக்கூடாது. பொறந்த பொண்ணுதான் நெத்தியில வைக்கணும். என் தங்கச்சி திருநள்ளாத்துல எள்ளு விளக்கு விக்குது, அதுதான் வந்து வைக்கும்."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் என் கண் அந்த விரலுக்குக் கீழேதான் இருந்தது. புலியின் வால் முழுசாக இருக்கிறதா, எழுத்தில் எத்தனை எழுத்து தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா கண் அசந்த பிறகு ராமலிங்கம் காசோடு வெளியே வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் போதவில்லை, ஆனாலும் தெரிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு காசை நான் கையில் வைத்ததில்லை. விலை பேசுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் இரண்டு மாதச் சம்பளம். "ஆஸ்பத்திரிக்குக் கட்டணும். அவங்க காசுதான், அவங்களுக்கே போவுது" என்று அவர் இரண்டு முறை சொன்னார், என்னிடம் இல்லை, சுவரிடம்.

"நாளைக்கு மறுபடி கேப்பாங்களே" என்றார். அதற்கு வழி சொன்னது நான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. என் பையில் ஜார்ஜ் ராஜா காலத்து வெள்ளி நாலணா ஒன்று இருந்தது. தலை தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்ட காசு. அளவு கிட்டத்தட்ட அதேதான். "கண்ணு தெரியாதில்லீங்களா, தடவித்தானே பாக்கறாங்க" என்றேன். மஞ்சள் துணியில் ஒட்டியிருந்த பழைய சந்தனத்தைச் சுரண்டி, விளக்குக் கரியைக் கொஞ்சம் சேர்த்து, எச்சில் தொட்டு நாலணாவின் இரண்டு பக்கமும் தேய்த்தேன். போர்டுக்குப் பழுப்பு கலந்து பழகின கை. பார்த்தால் நூறு சாவு பார்த்த காசு மாதிரி ஆகிவிட்டது. ராமலிங்கம் அதைத் துணியில் முடிந்து பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கமலாவிடம் கொடுத்தார். "பட்டா ஒண்ணு தேடினேன்" என்று அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

லாட்ஜுக்கு வந்த பிறகுதான் லென்ஸை அந்த ஜன்னல் கட்டையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. நல்ல லென்ஸ், மெட்ராஸில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குக் கிளம்பலாம் என்று குரும்பகரத்துக்குப் போனேன். தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது.

அந்த அம்மாள் விடிந்த கையோடு போய்விட்டாராம். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ, "கரூர்லேருந்து வாத்தியாரோட கூட்டாளி வந்திருக்காரு, நாற்காலி போடுங்க" என்று சொல்லி என்னைப் பந்தலுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். ராமலிங்கம் என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை. காசு என் சட்டை உள்பையில் காகிதத்தில் சுற்றி இருந்தது.

தங்கை தனபாக்கியம் திருநள்ளாற்றிலிருந்து வந்து இறங்கி, அழுது ஓய்ந்து, குளித்துவிட்டு வந்தார். பெட்டியைத் திறந்தார்கள். அவர் சந்தனத்தைக் குழைத்து அம்மாவின் நெற்றியில் வட்டமாக வைத்தார். மஞ்சள் துணியைப் பிரித்துக் காசை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம காசு இல்ல" என்றார்.

யாரோ, "அழுத கண்ணு, சரியாப் பாரும்மா" என்றார்கள்.

"கண்ணு எதுக்கு? ஓரத்தத் தடவிப் பாருங்க. கோடு கோடா இருக்கு. நம்ம காசு ஓரம் வழவழன்னு இருக்கும். அப்பாவுக்கு நான்தானே வச்சேன். எனக்குத் தெரியாதா?"

இருபது வருஷமாகக் காசு பார்க்கிறவன் நான். காசு என்றால் முகத்தையும் முதுகையும் பார்ப்பேன். வெள்ளைக்காரன் காசுக்கு ஓரத்தில் பல்பல்லாக வரி வெட்டியிருப்பான், அடித்துச் செய்த பழங்காசுக்கு அது கிடையாது, இது எனக்குப் பால பாடம். எண்ணெய் விளக்கு விற்கிற பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை. அவமானத்துக்கு நடுவிலும் முதலில் எனக்கு இதுதான் உறுத்தியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சொந்தத்தில் மாமா முறை போலிருக்கிறது. எல்லார் கண்ணும் கமலாவின் இடுப்பில் இருந்தது.

"அண்ணி, காசு எங்க?" என்றார் தனபாக்கியம். ஒரு எட்டு முன்னால் வந்து, "எங்கடி வச்சே?" என்றார்.

"நான் அதத் தொட்டதே இல்ல, உனக்கே தெரியும்" என்றார் கமலா. அவர் குரல் உயரவில்லை. ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை வாயைத் திறந்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பறையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காசு வராமல் எடுக்க விட மாட்டேன் என்று தனபாக்கியம் பாடையின் குறுக்கே உட்கார்ந்தார். கமலாவின் டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை, தலையணை உறை எல்லாம் வெளியே வந்து மழையில் கிடந்தன. கடைசியில் ஒரு வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்கள். எடுக்கவில்லை என்றால் அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கமலா அணைத்தார். "இன்னொரு தடவ" என்றார் தனபாக்கியம். அணைத்தார். "அம்மா தலையில கை வச்சிட்டு அணை." மூன்றாவது முறை சூடம் பெரிசு. இடது கையை மாமியாரின் தலையில் வைத்துக்கொண்டு வலது கையால் அழுத்திப் பிடித்தார். பொசுங்கின வாடை பந்தல் வரைக்கும் வந்தது.

என் உள்பைக்கும் என் கைக்கும் ஒரு ஜாண் தூரம். எழுந்து, 'இந்தாங்க, என்கிட்ட இருக்குது' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். பிடித்து உதைப்பார்கள் என்ற பயம் பாதி. இன்னொரு பாதியை ஏன் மறைக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தக் காசு மறுபடி எனக்குக் கிடைக்காது. அதனால் உட்கார்ந்திருந்தேன்.

சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. மழை வலுக்கிறது, வறட்டி நனைகிறது என்று மாமா அதட்டிய பிறகு அந்த நாலணாவையே நெற்றியில் ஒட்டித் தூக்கினார்கள். நானும் கூடவே போனேன். நடுவில் கழன்றால் சந்தேகம் வரும் என்று கணக்கு. சுடுகாட்டில் தகரக் கொட்டகை ஒழுகியது. முகத்தை மூடுவதற்கு முன்னால் வெட்டியான், "காச எடுத்துக்குங்க வாத்தியாரே" என்றான், அந்த வீட்டு வழக்கம் தெரிந்தவன். ராமலிங்கம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவன் நாலணாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். வீட்டுக்குத் திரும்பினால் லென்ஸ் அந்த ஜன்னல் கட்டையிலேயே இருந்தது. கிளம்பும்போது எடுத்துக்கொண்டேன்.

எல்லைச் சாவடியில் என் பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று தடவினார்கள். சட்டைப் பையை யாரும் தொடவில்லை.

கரூரில் இரண்டு வாரம் காசை மேஜை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். எழுத்து நான் நினைத்ததைவிடத் தெளிவு. யாரிடமும் காட்டவில்லை. பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு 'கரூர்' என்பதில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். பதினாறாம் நாள் கருமாதி என்று கணக்குப் பார்த்துக் கிளம்பினேன். திருப்பிக் கொடுத்துவிடுவது, பணமும் கேட்பதில்லை, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் நாலு முறை ஒத்திகை பார்த்தேன். அந்த முறை மழை இல்லை. பயிர் பச்சைப்பசேல் என்று நின்றது. எதையும் ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

ராமலிங்கம் மொட்டைத் தலையோடு என்னைத் தெருவிலேயே மடக்கி, வரப்புக்கு அழைத்துப் போனார். "வேணாங்க. இப்ப சொன்னீங்கன்னா நான் தூக்குல தொங்குறதத் தவிர வேற வழி இல்ல. ஸ்கூல்ல நிக்க முடியாது. பெத்தவ நெத்திக் காச வித்தவன்னு சொல்லுவாங்க." கமலா எங்கே என்று கேட்டேன். காரைக்காலில், தருமபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அவராகப் போனாரா, நீங்கள் அனுப்பினீர்களா என்று கேட்டேன். "தங்கச்சி, அவ இருந்தா கருமாதிக்கு வர மாட்டேன்னு சொல்லிடுச்சு" என்றார்.

தருமபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கமலா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார். வலது உள்ளங்கையில் தோல் உரிந்து ரோஸ் நிறத்தில் புதுத் தோல் கட்டியிருந்தது. நான் காகிதத்தைப் பிரித்துக் காசைத் திண்ணை மேல் வைத்தேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்ட நான்தானுங்க வாங்கினேன். நாலணாவ வச்சதும் நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"அன்னிக்கு விடியக்காலையில அத்த காசக் கேட்டாங்க. இவரு எடுத்துக் கையில வச்சாரு. தடவிப் பாத்தாங்க. ஓரத்தையே ரொம்ப நேரம் தடவினாங்க. அப்புறம் கையை விரிச்சுக் கீழ போட்டுட்டாங்க. இவரு எடுத்து மறுபடி வச்சாரு. வாங்கிக்கல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. ஒரு மணி நேரத்துல போயிட்டாங்க." அவர் ஈரத் துணியை உதறிப் போட்டார். "முதல் நாள் நீங்க வந்தீங்க, பட்டாவத் தேடினேன்னு இவரு சாவியத் தந்தாரு. இதுல தெரியாம இருக்க என்னா இருக்கு?"

"தெரிஞ்சுமா சூடத்த அணைச்சீங்க?"

"நான் எடுக்கலன்னுதானே சத்தியம் பண்ணினேன். அது உண்மைதான்."

வாங்க, இப்போதே போகலாம், தனபாக்கியம் முன்னால் நானே சொல்கிறேன் என்றேன். கமலாவுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"இப்ப இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. தருமபுரத்துலேருந்து வந்துச்சுன்னா என்னா அர்த்தம்? ஒளிச்சு வச்சிருந்தா, பயந்து போய்த் திருப்பிக் குடுத்துட்டா. நீங்க வந்து சொன்னா, ஆள் புடிச்சுட்டு வந்து சொல்ல வைக்கிறான்னு ஆவும். இவரு சொல்லணும். இவரு சொல்ல மாட்டாரு. நீங்க சொல்லிப்புட்டு பஸ் ஏறிடுவீங்க, இவரு ஏதாவது பண்ணிக்கிட்டா தாலி அறுக்கப் போறது நான்." கொடியில் ஒரு துணியை இழுத்து விட்டார். "அன்னிக்கு நீங்க எனக்கு எதிரேதான் உக்காந்திருந்தீங்க. ரெண்டாவது சூடத்துக்கு உங்களத்தான் பாத்தேன். அப்ப எடுத்துக் குடுத்திருந்தா உங்கள நாலு அடி அடிச்சிருப்பாங்க, இவர நாலு நாள் பேசியிருப்பாங்க. அத்த நெத்தியில காசு இருந்திருக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காசை எடுத்தார். பத்தொன்பது வருஷம் அதன் சாவியை இடுப்பில் வைத்திருந்தவர் அதைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. புலியைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு முறை விரலை ஓட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க. இந்த ஊர்ல இத வாங்கிக்க ஆள் இல்ல" என்று காசை என் கையில் வைத்தார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றி உள்பையில் வைத்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். காசு இப்போது என் பீரோவில் இருக்கிறது, நல்ல நிலையில்.